ஐம்பதுக்குப் பின்னால் ஒரு வால்

"கால்குலேட்டர் ஐம்பது புள்ளி நாலு நாலுன்னு காட்டுது. நீங்க வெறும் ஐம்பதுன்னு எழுதியிருக்கீங்க. மீதியை யாருக்கும்மா தானம் பண்ணீங்க?"

ஆய்வகத் தலைவரின் குரலில் வழக்கமான கிண்டல் இருந்தது; முகத்தில் இல்லை. ரத்தத்தைச் சோதித்த பெண் கையுறையைக் கழற்றிவிட்டு அவர் மேசை முன் வந்து நின்றாள்.

போன வாரம் சைக்கிளில் போன ஒருத்தியைக் கார் அடித்துத் தள்ளியது. அவள் அங்கேயே இறந்துபோனாள். காரை ஓட்டியவனின் ரத்தம்தான் இது. புட்டியின் மேல் பெயர் இருக்காது, வழக்கு எண் மட்டும்தான். அந்த நாட்டுச் சட்டப்படி, நூறு மில்லி ரத்தத்தில் ஐம்பது மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் சிறை. தாண்டவில்லை என்றால் அது வெறும் விபத்து.

"ஆல்கஹால் எடை துல்லியமா வந்துச்சு சார். அதை ரத்தத்தோட அளவால வகுத்தாத்தான் விடை. ஆனா அனுப்பின ரத்தமே கொஞ்சூண்டு. ஊசிக்குழாய்லதான் அளக்க முடிஞ்சுது. ரெண்டு புள்ளி அஞ்சு மில்லி. குழாய்ல இருக்கிற கோடுகளை வெச்சு அதுக்கு மேல நுணுக்கமாப் படிக்க முடியாது."

"அதனால?"

"ஒரு அளவு ரெண்டு இலக்கத்துக்குத்தான் நம்பகம்னா, விடையும் ரெண்டு இலக்கம்தான். மிச்சம் கால்குலேட்டரோட கற்பனை. நீங்க சொல்றதுதானே சார்?"

அவர் சொல்வதுதான். தேவையில்லாத இலக்கத்தோடு எந்த அறிக்கை வந்தாலும் சிவப்பு மையால் அடித்துவிடுவார். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை 'வால்வெட்டி' என்றுதான் சொல்வார்கள். அப்பேர்ப்பட்டவர் இன்று வாலைப் பிடித்துக்கொண்டு தொங்குவது அவளுக்கு விளங்கவில்லை.

"ரெண்டு புள்ளி அஞ்சு பூஜ்யம்னு எழுதினா? ஒரே ஒரு பூஜ்யம். மூணு இலக்கம் ஆயிடும். ஐம்பது புள்ளி நாலு. தாண்டிடுவான்."

"நான் பாக்காத பூஜ்யத்தை எப்படி சார் போடறது? உண்மையில ரெண்டு புள்ளி நாலு அஞ்சா இருந்திருந்தா, விடை ஐம்பத்தொண்ணைத் தாண்டும். ரெண்டு புள்ளி அஞ்சு அஞ்சா இருந்திருந்தா, ஐம்பதுக்குக் கீழ போயிடும். எதுன்னு எனக்குத் தெரியாது."

"மறுபடி சோதிச்சா?"

"ஒரு சொட்டு ரத்தம்கூட மிச்சமில்ல."

அவர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார்.

"செத்தவளுக்கு ரெண்டு சின்னக் குழந்தைங்க. நாளைக்கு அவ புருஷன் வந்து, ஒரு பூஜ்யத்துக்காகவா அவனை விட்டீங்கன்னு கேட்டா?"

பத்திரிகையில் வந்த அந்தக் குழந்தைகளின் படத்தை அவளும் பார்த்திருந்தாள்.

"அவன் குடிச்சிருந்தான் சார், அதுல சந்தேகமே இல்ல. அவனை நினைச்சா வயிறு எரியுது. ஆனா வயித்தெரிச்சல்ல கையெழுத்துப் போட முடியாது."

"அவன் ஆளுங்க உங்களைச் சரிக்கட்டிட்டாங்கன்னு ஊரே பேசும்."

"பேசட்டும் சார். ஐம்பதுதான்."

தலைவர் திரும்பி வந்து அறிக்கையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அப்படியே அனுப்பிடுங்க. மேற்கையெழுத்தைத் துணைத் தலைவர்கிட்ட வாங்கிக்குங்க. நான் போடல."

அவர் கண் கலங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தாள். கோபம் போய் அவளுக்குப் பாவமாக இருந்தது.

"சார்... செத்துப்போனவங்க உங்களுக்குச் சொந்தமா?"

"இல்லம்மா. அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது." நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். "இந்தக் கணக்கை நானும் போட்டேன். திரும்பத் திரும்பப் போட்டேன். எத்தனை தடவை போட்டாலும் ஐம்பதுதான். ஆனா என் கையை என்னால நம்ப முடியல. எனக்குத் தோணின மறுப்பையெல்லாம் உங்ககிட்ட சொல்லிப் பாத்துட்டேன். நீங்க அசையல."

"நீங்க போட்ட கணக்கை நீங்களே ஏன் சார் நம்பல?"

"காரை ஓட்டினவன் என் பையன்மா."