முழுக்கைச் சட்டை

இதைக் கோணலாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எட்டாவதோடு நின்றவள் நான். தையல் நேராகப் போகும், பேச்சுதான் எங்கேயாவது இழுத்துக்கொள்ளும்.

என் தையல் கடைக்கு மேலே குடியிருக்கும் மாடிவீட்டுப் பையன் ரவுடிக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டான் என்று தெருவே பேசியது. அவன் அப்பா அதிர்ந்து பேசாத மனிதர். "தங்கச்சி, அவன் உங்க கடைப்பக்கம் வந்தா ஒரு மிஸ்டு கால் குடுங்க. நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லி வைத்திருந்தார்.

வந்தான். கூட நாலு பேர்.

மேஜைக்கு அடியில் போனை அழுத்திவிட்டு, "என்ன வேணும்?" என்றேன்.

"எல்லாருக்கும் கறுப்புச் சட்டைக்கா. முழுக்கை" என்றான், மொட்டை என்று எல்லோரும் கூப்பிடும் தலைவன்.

"இந்த வெயில்ல முழுக்கையா?"

"ஸ்டைலுக்கா!"

ஸ்டைலாம். கத்தி சொருகத்தான் இருக்கும். கத்தரிக்கோலை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"மார்க்கெட்ல கடையை உடைச்சது நீங்கதானே?"

"இல்லைன்னா நம்பவா போறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். மாடிவீட்டுப் பையன் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். யாருக்குக் காவல் நிற்கிறான்?

"முதல்ல நீ வாடா" என்று அவனைக் கூப்பிட்டு, என் கழுத்தில் கிடந்த அளவு நாடாவைச் சரேலென்று உருவினேன்.

ஐந்து பேரும் ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் தலையை மறைத்துக்கொண்டு குனிந்தார்கள்.

நாடாவை மெல்லக் கீழே இறக்கினேன்.

மொட்டைதான் முதலில் நிமிர்ந்தான். "பழக்க தோஷம்க்கா. எங்க வீட்ல பெல்ட்டு. இவன் வீட்ல வயரு."

மாடிவீட்டுப் பையனின் கையைப் பிடித்து அரைக்கையை விலக்கினேன். வரிவரியாகத் தழும்பு. ஒன்று இன்னும் காயவில்லை.

"அதுக்காக இவங்களோட சேருவியாடா?"

"இவங்க கூட இருந்தா அப்பா என் கிட்ட வரமாட்டாருக்கா."

மாடிப்படியில் செருப்புச் சத்தம். அப்போதுதான் என் மிஸ்டு கால் ஞாபகம் வந்தது.

"தங்கச்சி, பையன் அங்கதானே இருக்கான்?" அதே அதிராத குரல். கையில் சுருட்டிப் பிடித்த வயர்.

பயந்தவள் என்ன செய்வாளோ அதைத்தான் நானும் செய்தேன். கதவைச் சாத்தித் தாழ்போட்டேன்.

ரவுடிகள் ஐந்து பேரையும் உள்ளே வைத்துக்கொண்டு.