லோவெல் கொண்டுவந்த ஜாடி

பழங்களைக் கண்ணாடி ஜாடியில் அடைத்து, கொதிநீரில் வைத்துப் பதப்படுத்துவது பற்றி அயோவாவில் கொரின் ஒரு வலைப்பூ நடத்திவந்தாள். கம்பெனிகள் அனுப்பும் மூடிகளைச் சோதித்து விமர்சனமும் எழுதுவாள்.

ஒவ்வொரு விமர்சனத்தின் கீழும் லோவெல் என்பவர் ஒரே கேள்வியைக் கேட்பார்: "எந்த மூடி காத்தை ரொம்ப வருஷம் வெளிய விடாது?"

போட்டிக் கம்பெனி ஆள் என்றே கொரின் நினைத்திருந்தாள். விவசாயக் கண்காட்சியில் அவர் நேரிலேயே வந்து நின்றார். வயதான மனிதர். கையில் ஒரு பீச் பழ ஜாடி. பழமெல்லாம் கறுத்திருந்தது.

"கொட்டிடுங்க. சாப்பிட்டா ஆளையே கொன்னுடும்."

"சாப்பிட இல்லம்மா. மூடி துருப்பிடிக்குது. உள்ள இருக்கிற காத்து போகாம வேற மூடி மாத்த முடியுமா?"

"காத்துக்கா இவ்வளவு பாடு?" கொரின் சிரித்துவிட்டாள்.

"மூடுறதுக்கு முன்னாடி என் பெண்டாட்டி ஜாடிக்குள்ள ஒரு ஊது ஊதுவா. வேணாம்னா கேக்க மாட்டா. அவ கடைசியா மூடினது இதுதான். அவ மூச்சு இதுல மட்டும்தான் மிச்சம் இருக்கு."

கொரின் மூடியை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தாள்.

"இறுக்கமாத்தான் இருக்கு. மாத்த வேணாம். துரு மேல மெழுகு தடவுங்க, போதும். உள்ள இருக்கிறது உள்ளயே இருக்கும்."

அவர் ஜாடியைக் கோட்டுக்குள் அணைத்தபடி போனார்.

வீடு திரும்பியதும், தனக்கு அதிக விளம்பரம் கொண்டுவந்த பதிவைக் கொரின் திறந்தாள். கொதிக்கும்போது ஜாடிக்குள் இருக்கும் காற்று மொத்தமும் எப்படி வெளியேறிவிடுகிறது என்று அதில் படம் போட்டு விளக்கியிருந்தாள்.

அதன் கீழே லோவெலின் கேள்வி இல்லை; அவர் அதை இன்னும் படிக்கவில்லை. முழுப் பதிவையும் அழித்தாள்.