கால் மேல் கால்

அப்பா கால் மேல் கால் போட்டிருந்தார். கை நாற்காலிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. வாய் ஓயவில்லை. தங்கையோ அவர் பாட்டுக்குப் பேசட்டும் என்று பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவளெல்லாம் ஒரு நர்ஸ், என்று அண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் காட்டுதுப்பா. அடுத்த வாரமும் வர்றேன்."

"உன் வேலையைக் கெடுத்துக்கிட்டு வராதேம்மா" என்ற அப்பா, அதே மூச்சில் கேட்டார்: "எத்தனை மணிக்கு வருவே?"

வாரா வாரம் இதே கூத்து. ரெண்டு பஸ் மாறி வருவாள். அப்பா பழங்கதையை அவிழ்த்துவிடுவார். பொழுது சாய்ந்துவிடும்.

அதற்குத்தான் அண்ணன் இன்று புது மெஷினே வாங்கி வந்துவிட்டான். எப்படி உட்கார வேண்டும் என்று பெட்டிமேலேயே படம் இருந்தது. முதுகு சாய்ந்து, பாதம் தரையில், கை மேஜைமேல் நெஞ்சுக்கு நேராக. இல்லாவிட்டால் பிரஷர் கூடுதலாகக் காட்டுமாம்.

வாசலில் அவளை மறித்து, இனி வீணாக அலைய வேண்டாம் என்றான். இல்லாத வியாதிக்கு மாத்திரை தின்னவைப்பாய் போலிருக்கிறதே என்றும் குத்தினான்.

அவள் செருப்பை மாட்டியபடி சிரித்தாள்.

"கிளம்புறப்போ ஒழுங்கா உட்காரவச்சு இன்னொரு தடவை பார்ப்பேன். டாக்டர்கிட்ட சொல்றது அதைத்தான். நல்லாத்தான் இருக்கு. அப்பாகிட்ட மட்டும் சொல்றதில்ல."

"அப்ப முதல் தடவை எதுக்கு?"

"அண்ணா, அப்பா பஸ் ஓட்டினவரு. வருஷா வருஷம் மெடிக்கல் செக்கப். காலைக் கீழ வை, கையைத் தொங்கவிடாதேனு டிப்போவுல எல்லாருக்கும் சொல்லி அனுப்பினவரே அவர்தான். அவருக்கா உட்காரத் தெரியாது?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஸ்கூலுக்கு மட்டம் போட அக்குள்ல வெங்காயத்தை வச்சுக்கிட்டுக் காய்ச்சல்னு படுத்திருப்பேனே, ஞாபகம் இருக்கா?"

இல்லாமல் என்ன. வீடே வெங்காயம் நாறும். அப்பா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "அடேயப்பா, கொதிக்குதே" என்பார். டூட்டிக்கு லீவு சொல்லிவிட்டு நாளெல்லாம் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து கதை சொல்வார். தனியாகப் பள்ளிக்கூடம் போன வயிற்றெரிச்சல் இவனுக்கு இன்னும் மிச்சமிருந்தது.

உள்ளே வந்தான். அப்பாவின் கண் புதுப் பெட்டியைவிட்டு நகரவில்லை.

"இனிமே அவ வரவேண்டாமாடா?"

"இந்த மெஷின் சரியில்லப்பா. திருப்பிக் கொடுத்துடறேன். அவளே வந்து பார்க்கட்டும்."

தரையில் ஒழுங்காகப் பதிந்திருந்த காலை எடுத்து, அப்பா நிதானமாகக் கால் மேல் கால் போட்டுக்கொண்டார்.