ஓடாத குஞ்சுகள்

வேட்டைக்குப் பேர்போன சிப்பிப்பாறை நாய் ஒன்று மூன்றாவது வீட்டுக்கு வந்து சேர்ந்தது. முதல் வீட்டில் பூனையையும், அடுத்த வீட்டில் வளர்ப்பு முயலையும் கொன்றிருந்தது. இந்த வீட்டில் ஒரு கோழியும் ஐந்து குஞ்சுகளும் இருந்தன.

"இங்கயும் எதையாவது கடிச்சா எனக்குப் போக்கிடம் இல்லக்கா," என்றது நாய்.

"கடிக்காம இரேன். வேளாவேளைக்குச் சோறு வைக்கிறாங்கல்ல?" என்றது கோழி.

"பசியில்லக்கா. எதுவாவது ஓடினா என் காலு என்னைக் கேக்காமலே கிளம்பிடுது."

"நல்ல காலுடா உனக்கு!"

கோழி அன்றே குஞ்சுகளை நடக்க மட்டும் பழக்கியது. குருணை இறைத்தாலும் அவை நடந்தே போய்க் கொத்தின. நாயின் கால்களுக்கு நடுவிலும் நடந்தன. நாய் கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருக்கும். பத்து நாள் இப்படியே கழிந்தது.

பதினோராம் நாள் முற்றத்தில் பருந்தின் நிழல் விழுந்தது. "ஓடுங்க!" என்று கோழி தன்னை மறந்து கத்தியது. நான்கு குஞ்சுகள் அதன் இறக்கைக்குள் புகுந்துகொண்டன. ஐந்தாவதற்கு நாய்தான் பக்கத்தில் இருந்தது. அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள ஓடியது.

பருந்து ஒன்றும் கிடைக்காமல் திரும்பிப் போனது.

நாய் தன் வாயில் இருந்ததை மெதுவாகத் தரையில் வைத்தது. குஞ்சு அசையவில்லை. "எங்கிட்டத்தானக்கா ஓடி வந்துச்சு," என்றது.

வீட்டுக்காரர் சங்கிலியோடு வந்தார். நாய் எழுந்து கழுத்தை நீட்டிக் கொடுத்தது.