வெட்ட வேண்டிய நாட்கள்

பேராசிரியர் கட்டுரையில் இருந்த அவள் பெயரின் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தார்.

அதுவும் அவள் கண்ணெதிரே.

“இந்த நாலு நாளும் குடுவைங்கள என்னம்மா பண்ணீங்க?” என்று கணினித் திரையைத் தட்டிக் காட்டினார்.

யாரைப் பார்த்து என்ன கேள்வி!

வாசல் காவலாளி முதற்கொண்டு அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அவளைப் ‘பாசிக்கா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பன்னிரண்டு வருடமாக அந்த ஒற்றைச் செல் பாசிகளை அவள்தான் கண்ணும் கருத்துமாக வளர்க்கிறாள். ஒரு குண்டூசித் தலையில் ஆயிரம் உட்காரும், அத்தனை சின்ன உயிர். குடுவையின் பச்சை கொஞ்சம் வெளுத்தால்கூட அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

இத்தனை வருடத்தில் ஒரு கட்டுரையிலும் அவள் பெயர் வந்ததில்லை. இந்தக் கட்டுரையில் போடுவதாக அவரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அவளும் அசட்டுத்தனமாக வீடு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

திரையில் நாற்பது நாள் கணக்கு ஓடியது.

மங்கல் வெளிச்சத்தில் வளரும் பாசி, கிடைக்கிற கொஞ்சநஞ்ச வெளிச்சத்தையும் விடாமல் வாரிச் சாப்பிடும். அதன்மேல் திடீரென்று கடும் வெளிச்சம் அடித்தால் திணறிப்போகும். சில நிமிடம் கழித்துத்தான் சுதாரித்துக்கொண்டு, மிஞ்சிய வெளிச்சத்தைச் சூடாக மாற்றி வெளியே தள்ள ஆரம்பிக்கும். இது எல்லோருக்கும் தெரிந்த கதை.

இவருடைய பாசியோ கடும் வெளிச்சம் வருவதற்கு முன்பே தயாராகி நின்றது. வெளிச்சம் மாறும் நேரம் ஒவ்வொரு நாளும் வேறு. சீட்டுக் குலுக்கி எடுத்தது. உள்ளே ஏதோ கடிகாரம் ஓடுகிறது என்று சொல்லவும் வழியில்லை. நடக்கப்போவதை முன்கூட்டியே உணரும் உயிர்! மனிதர் பத்து நாளாகத் தரையில் நடக்கவில்லை.

நாலே நாலு நாள் மட்டும் இடித்தது. அந்த நாலு நாளும் பாசி, உலகத்தில் இருக்கிற மற்ற பாசிகளைப் போலவே திணறியிருந்தது. ஆகவே பாசிக்காவின் கவனக்குறைவு. ஆகவே அவள் பெயருக்குச் சிவப்புக் கோடு. மாலை ஐந்து மணிக்குக் கட்டுரையை அனுப்ப வேண்டும்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கவனக்குறைவா? வெளிச்சம் மாறுவதற்கு அரை மணி முன்பே, சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்துவிட்டு ஓடுகிறவள் யார்? ‘வெளிச்சம் மாறுமுன் நன்றாகக் கலக்கவும்’ என்று ஒரு வரி எழுதி ஒட்டிவிட்டுப் போனதோடு இவர் வேலை முடிந்தது. குடுவைகள் இருக்கும் அரையிருட்டுப் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினால் அதற்குப் பெயர் கலக்குவதா? அவள் எட்டுக் குடுவைகளையும் வெளியே எடுத்து, மேசை விளக்கைப் போட்டு, அதன் கீழே வரிசையாக வைத்து, அடியில் ஒரு துளி படியாமல் ஒவ்வொன்றாகக் கலக்கித் திரும்ப உள்ளே வைப்பாள். எந்த மகராசன் இப்படிச் செய்வான்? அந்த அறைக்குள் இவர் ஒரு நாளாவது எட்டிப் பார்த்ததுண்டா?

விறுவிறுவென்று போய் விடுப்புப் பதிவேட்டை எடுத்துவந்து அவர் மேசையில் பொத்தென்று போட்டாள்.

“அந்த நாலு நாளும் நான் தங்கச்சி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில இருந்தேன் சார். நீங்கதான் கையெழுத்து போட்டிருக்கீங்க, நல்லா பாருங்க!”

அந்த நாட்களில் பார்த்துக்கொண்டவர் பக்கத்து ஆய்வகத்துக்காரர். பெட்டியைத் திறக்கவே சோம்பல்பட்டு, உள்ளே இருக்கிற குலுக்கும் இயந்திரத்தைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போகிற ஆள்.

பேராசிரியர் தேதிகளை விரல் வைத்துச் சரிபார்த்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

“அப்ப உங்க மேல தப்பில்ல. அந்த நாலு நாளையும் வெட்டிடலாம்” என்று, கோட்டுக்கு மேலே அவள் பெயரைத் திரும்ப எழுதினார்.

ஜெயித்துவிட்டு அறைக்கு வந்தாள். வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. வெளிச்சம் மாற இன்னும் அரை மணிதான் இருந்தது. கவனக்குறைவாம், வெட்டிடலாமாம் என்று முணுமுணுத்தாள். கைகள் அவை பாட்டுக்கு வேலையைச் செய்தன. குடுவைகளை எடுத்தாள். விளக்கைப் போட்டாள். கலக்கினாள். திரும்ப உள்ளே வைத்துப் பெட்டியை மூடினாள்.

பெட்டியின் பக்கத்தில் இருந்த சின்னத் திரையில், பாசி வெளிச்சத்தை வெளியே தள்ளுவதைக் காட்டும் கோடு மளமளவென்று ஏறியது. பாசி தயார். கடும் வெளிச்சம் வர இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

விளக்கை அணைக்கப் போன கை சுவிட்சிலேயே நின்றுவிட்டது.

அடப்பாவி!

பாசிக்கு முன்கூட்டி ஒன்றும் தெரியவில்லை. அதன்மேல் விளக்கு பட்டது, அது தயாரானது, அவ்வளவுதான். நாற்பது நாளில் அந்தச் சோம்பேறி பார்த்துக்கொண்ட நாலு நாள்தான் ஒழுங்கான நாள்.

கோபத்தை யார் மேல் காட்டுவது என்று இப்போது தெரியவில்லை. விளக்கின் மேலா? தன் கைகளின் மேலா? வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஐந்து மணிக்குக் கட்டுரை போய்விடும், அவள் பெயரோடு.

பேராசிரியரின் கதவை அவள் தட்டவில்லை. தள்ளிக்கொண்டே உள்ளே போனாள்.

“வெட்டறதா இருந்தா அந்த நாலு நாள வெட்டாதீங்க சார். நான் கலக்கின மத்த முப்பத்தாறு நாளையும் வெட்டுங்க!”

அவர் அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் மெல்ல வெளுத்தது. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டார்.

“நீங்க எப்படிம்மா கலக்குவீங்க?”