சாய்கோட்டுக்கு அந்தப் பக்கம்

நாச்சியப்பன் பிரிண்டரிலிருந்து அட்டையைக் கிழித்துப் பார்த்தான். மறுபடியும் வெறும் 'வீரம்மா ஏ'. அப்பா பெயரைக் காணோம்.

ஜெலாப்பாங் கையுறைத் தொழிற்சாலைக்குக் கம்ப்யூட்டர் வேலைக்காக அவன் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கம்ப்யூட்டரும் புதுசு. அன்று மாலை ஆண்டு விருந்து. பத்து வருடம் உழைத்தவர்களை மேடைக்கு அழைக்கும் அட்டைகளை அதுதான் அச்சடித்தது.

ரிப்பனை மாற்றிப் பார்த்தான். பயனில்லை. வோங் சியூ லான் முழுசாக வந்தாள். பாத்திமா பிந்தி அகமாட் அப்பாவோடு வந்தாள். தமிழர்கள் மட்டும் அநாதைகளாக வந்தார்கள்.

பேக்கிங் பகுதி வீரம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, என் கார்டுல அப்பா பேரு வருமா?"

"வராட்டி என்னலா? மூணு வீரம்மாவும் ஒண்ணா மேடைக்கு வந்துடுங்க."

அவள் சிரிக்கவில்லை. "வரணும்ண்ணே," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தமிழர்களின் அட்டைகளை வரிசையாகப் பரப்பினான். எல்லாம் ஒரே இடத்தில், 'ஏ'யோடு வெட்டுப்பட்டிருந்தன. அப்பா பெயருக்கு முன்னால் ஏ/எல் என்றால் மகன், ஏ/பி என்றால் மகள். நடுவில் ஒரு சாய்கோடு.

அட!

ஒரு விவரம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல, அவனே வைத்த குறியும் சாய்கோடுதான். அதைக் கண்டதும் பெயர் முடிந்தது என்று அது நின்றுவிட்டது.

தன் குறியை நட்சத்திரமாக மாற்றினான். பிரிண்டர் கிரீச்சிட்டது.

வீரம்மா ஏ/பி பத்துமலை.

நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினான்.

மாலையில் மைக்கைப் பிடித்தவர், எல்லாரும் கங்காணி என்று கூப்பிடும் மூத்த சூப்பர்வைசர். கணீர்க் குரல். அட்டைகளை மளமளவென்று வாசித்துக்கொண்டே போனார். "முத்தம்மா ஏ பி ராமையா!" கைதட்டல். "நல்லம்மாள் ஏ பி ஐயாவு!" கைதட்டல்.

"வீரம்மா..."

நின்றுவிட்டார்.

அச்சில் ஏதோ தப்பு என்று நாச்சியப்பன் பதறி எழுந்தான். பக்கத்து நாற்காலிக் காளியம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்கண்ணே. கேக்காம ரிஜிஸ்டர் கல்யாணம் கட்டிக்கிட்டாள்னு ஆறு வருசமா மககிட்ட பேசுறதில்ல, நம்ம கங்காணி பத்துமல மாமா."

மேடையில் அவர் இன்னும் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே வீரம்மா எழுந்து நின்றிருந்தாள். நகரவில்லை.

அவர் அட்டையைத் தாழ்த்தினார்.

"வீரம்மா," என்றார் மறுபடி. "பத்துமலை மக."