ஒண்ணே ஒண்ணு போடுங்க

"ஒரு சதவீதம்னு போடுங்க சென்சேய். ஒண்ணே ஒண்ணு. அதுக்கு மேல நான் எதுவும் கேக்கல."

சொல்லிவிட்டுக் குசாகா நெற்றியைப் பாயில் வைத்தார். வைத்த நெற்றி மேலே வருவதாகக் காணோம். கோட்டுத் தோளில் ஒட்டியிருந்த பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

தேநீர்த் தட்டோடு வந்த தொமியேவுக்கு எங்கே காலை வைப்பது என்று தெரியவில்லை. நடு அறையில் ஒரு கம்பெனி முதலாளி குப்புறக் கிடந்தால் வீட்டுக்காரி எந்தப் பக்கமாகத்தான் போவாள்?

"எழுந்திருய்யா, பாய் புதுசு," என்றார் அவள் கணவர் முகாய். "வந்த எண்ணைத்தான் போடுவேன். வராத எண்ணைப் போட மாட்டேன்."

முகாய் ஓர் ஆடியோ பத்திரிகைக்கு மாதாமாதம் ஆம்ப்ளிஃபயர்களைச் சோதித்து எழுதுகிறவர். காதை நம்ப மாட்டார். தன் காதையே நம்ப மாட்டார். சுத்தமான ஓர் ஒலியைப் பெட்டிக்குள் அனுப்புவார். அந்தப் பக்கம் வெளியே வரும்போது பெட்டி தன் பங்குக்கு எத்தனை சதவீதம் அழுக்கைச் சேர்த்திருக்கிறது என்று அளப்பார். அந்த அழுக்குக்குப் பெயர் சிதைவு. ஒலியைப் பெருக்கும் வேலையைப் பழங்காலக் கண்ணாடி வால்வுகள் செய்கிற ஆம்ப்ளிஃபயரில் அது கொஞ்சம் இருக்கும். ரசிகர்கள் அதைக் கதகதப்பு என்று சொல்லிக் காசு கொடுத்து வாங்குவார்கள். அளவுக்கு மிஞ்சினால் பாடுகிறவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

குசாகா விற்பது வால்வு ஆம்ப்ளிஃபயர்தான். ஆனால் மற்றவர்கள் விலையில் கால்வாசி. ஓய்வு பெற்ற கிழவர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். இந்த மாதம் முகாயின் மேசைக்கு வந்திருந்தது அதுதான்.

"உங்க பத்திரிகையிலயே ஹத்தோரி சென்சேய் கேட்டுட்டு எழுதியிருக்காரே!" குசாகா தலையைத் தூக்கினார். "'மழை விட்ட மதியத்தில் வெந்நீர் ஊற்றில் கழுத்துவரை அமிழ்ந்த சுகம்'னு!"

"ஊற்றுலயே உக்காந்து எழுதியிருப்பான். கரண்டு ஒயருக்கே கவிதை எழுதுறவன்தானே அவன்."

"வால்வோட ஆன்மான்னு ரெண்டு பக்கம் எழுதியிருக்காரு. அடுத்த பக்கத்துல நீங்க அந்த எண்ணைப் போட்டீங்கன்னா நான் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். என்கிட்ட வேலை செய்றவங்க பாதிப் பேருக்கு வேற எங்கயும் வேலை கிடைக்காது சென்சேய். வயசாயிடுச்சு."

தொமியேவுக்கு மனசு கேட்கவில்லை. அது குசாகாவுக்கும் தெரிந்துவிட்டது. கொண்டு வந்திருந்த பயறு இனிப்புப் பெட்டியை இரண்டு கையாலும் அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீங்களாவது சொல்லுங்கம்மா."

"அதைத் தொடாதே," என்றார் முகாய்.

அவள் தொடவில்லை. முழங்காலால் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஏங்க, ஒரு எண்ணுதானே. உங்க மிஷினும் ஆடி அடங்கினதுதான். நம்ம ஃபிரிட்ஜ் ஓடினாலே அது உளறும்னு நீங்கதானே சொல்வீங்க?"

"ஃபிரிட்ஜை அணைச்சுட்டுத்தான் அளந்தேன். நம்ப முடியாம திரும்பத் திரும்ப அளந்தேன்."

"ஓ! மீன் கெட்டுப்போனது அதனாலதானா? நான் மீன்காரனைப் போய் வாய்க்கு வந்தபடி பேசிட்டு வந்தேனே!"

"மீன் கெட்டுச்சு. எண்ணு மாறல."

"மாறலன்னா போகட்டும். படிக்கிறவன் எவன் அதையெல்லாம் பாக்கப் போறான்?"

"பாப்பாங்கம்மா," என்றார் குசாகா, அழாத குறையாக. "வால்வு ஆளுங்க முதல்ல பாக்குறதே அதைத்தான். பாத்த மறுநாளே பெட்டியைத் திருப்பி அனுப்பிடுவாங்க."

தொமியே கணவர் பக்கம் திரும்பினாள். "நாப்பதாயிரம் யென்னுக்கு வேற என்னத்தை எதிர்பாக்குறீங்க? காசில்லாதவனும் பாட்டுக் கேக்கட்டும்னு மனுஷன் பண்ணியிருக்காரு. விலையைக் குறைச்சா கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும். இல்லையா?"

கடைசி வார்த்தையைக் குசாகாவைப் பார்த்துக் கேட்டாள். அவர் ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தார்.

"கட்டுரை அச்சுக்குப் போயாச்சு," என்றார் முகாய். "கிளம்பு. பனி கூடுது."

குசாகா வாசலில் ஷூவை மாட்டும்போது ஒருமுறை குனிந்தார். கதவருகே ஒருமுறை. தெருவில் நின்று, யாரும் பார்க்காதபோதும், இன்னொருமுறை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த தொமியேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு நெஞ்சுக்குள்ள இருக்கிறதும் மீட்டர்தானா? ஒரு பட்டறைச் சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்க. அப்படி என்னதான் வந்துச்சு அந்தப் பெட்டிக்கு? அஞ்சு சதவீதமா? பத்தா?"

"புள்ளி பூஜ்யம் பூஜ்யம் ரெண்டு."

தொமியே விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். சந்தேகம் தீராமல் இன்னொரு தடவையும் பார்த்தாள்.

"அது ஒண்ணை விடக் கம்மியாச்சே! அப்ப நல்ல பெட்டிதானே? ஒண்ணுன்னு கூட்டிப் போடச் சொல்லியா அந்த ஆளு தரையில விழுந்து கெஞ்சினாரு?"

"வால்வுல அவ்வளவு சுத்தம் வராதுடி. அதான் எனக்கும் உறுத்துச்சு," என்றார் முகாய். "ஒரு பொண்ணு பாடுற ரெக்கார்டு ஓடிக்கிட்டிருக்கும்போதே கையில துணியைச் சுத்தி நாலு வால்வையும் ஒண்ணொண்ணாப் பிடுங்கி மேசை மேல வெச்சேன். அந்தப் பொண்ணு பாட்டுக்குப் பாடிக்கிட்டே இருந்தா."